நறுமணப் பயிர்த் திட்டங்களுக்கு யாரை வேலைக்கு எடுப்பது?

மிளகுக் கொடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். முழு விளைச்சலைக் காண ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஏலச்செடிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். விதையிலிருந்து வளர்த்த ஜாதிக்காய் மரம் ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகே பலன் தரும். இந்தப் பயிர்களை நம்பி வாழும் ஏழை விவசாயிகளுக்கென்று தீட்டப்படும் வளர்ச்சித் திட்டங்களின் ஆயுளோ பெரும்பாலும் மூன்று ஆண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து. முதல் ஆண்டில் பாதி ஆள் எடுப்பதிலும் அலுவலகம் பிடிப்பதிலும் கழியும். கடைசி ஆண்டில் பாதி, ஊழியர்கள் அடுத்த வேலை தேடுவதில் கழியும். கொடி காய்க்கும்போது, அதை நடச் சொன்ன களப்பணியாளர் அந்த ஊரில் இருப்பதில்லை.

வளர்ச்சித் திட்டங்களைப் பற்றிய விவாதங்களில் நிதி, தொழில்நுட்பம், சந்தை ஆகியவை நிறையவே பேசப்படுகின்றன. அந்த வேலையை யார் செய்வது, அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன சம்பளம், எத்தனை ஆண்டு, யாருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும் என்பவை திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையோடு முடிந்துவிடுகின்றன. திட்டம் பிழைக்குமா பிழைக்காதா என்பது அந்த அட்டவணையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்று நான் கருதுகிறேன். தென்னிந்திய மலைகள், மேகாலயம், இலங்கையின் தென்பகுதி ஆகிய இடங்களில் நடந்தவற்றைக் கொண்டு இந்தக் கேள்வியை இங்கே பரிசீலிக்கிறேன்.

விலை விழும் இடம்

ஆள் எடுக்கும் விளம்பரங்கள் முதலில் கேட்பது வேளாண்மையில் முதுகலைப் பட்டம். பயிரை நன்றாக வளர்க்கக் கற்றுக்கொடுத்தால் வருமானம் தானாக உயரும் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. நெல்லுக்கும் கரும்புக்கும் இது ஓரளவு பொருந்தலாம். நறுமணப் பயிர்களில் விவசாயியின் வருமானம் பெரும்பாலும் அறுவடைக்குப் பிந்தைய சில நாட்களில் தீர்மானமாகிறது.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். தோண்டிய கிழங்கை இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைக்க வேண்டும். வேக்காடு குறைந்தால் காய்ந்தபின் உடையும். கூடினால் நிறம் கெடும். பிறகு பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காய வேண்டும். அதன்பின் மெருகேற்றி, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரிக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சை மஞ்சள் ஒரு கிலோ காய்ந்த மஞ்சளாகச் சுருங்குகிறது. எட்டொன்பது மாதம் வளர்த்த பயிரின் விலையை இந்த மூன்று வாரம் ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும்.

மிளகில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மூன்று கிலோ பச்சை மிளகுக்கு ஒரு கிலோ கருமிளகு கிடைக்கும். அதை 11 சதவீத ஈரத்துக்குக் கீழே கொண்டுவராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதிலிருந்து அஃப்லாடாக்சின் நஞ்சு உருவாகும். ஐரோப்பிய ஒன்றியம் மிளகு, மஞ்சள், இஞ்சி, மிளகாய் போன்றவற்றில் அனுமதிப்பது பி1 வகை நஞ்சு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராம். மண் தரையில் காயப்போட்டு, மாலைப் பனியில் நனையவிட்டு, சாக்கில் கட்டி வைத்த மிளகு இந்த வரம்பைத் தாண்டுவது எளிது. வியாபாரி ஒரு லிட்டர் மிளகு எவ்வளவு எடை நிற்கிறது என்று பார்த்து விலை சொல்கிறார். முற்றாத காயைப் பறித்த விவசாயிக்கு எடை குறையும், விலையும் குறையும். முற்றும்வரை காத்திருக்க அவரால் முடிவதில்லை. வீட்டில் கடன் இருக்கிறது, வாங்கிய முன்பணம் இருக்கிறது. காய் பிடித்த உடனேயே கொடியோடு விலை பேசி விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

ஏலக்காய்க்கு 'ஸ்டோர்' வேண்டும். பறித்த அன்றே உலர் அறையில் ஏற்றி, ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க மிதமான சூட்டில் பார்த்துப் பார்த்து உலர்த்தினால்தான் பச்சை நிறம் நிற்கும். அரை ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சொந்த ஸ்டோர் கிடையாது. பச்சைக்காயை ஸ்டோர்காரரிடம் விற்க வேண்டும். அல்லது கூலி கொடுத்து அவர் சொல்லும் நேரத்தில் உலர்த்த வேண்டும். விலை பேசும் வலு அடுப்பை வைத்திருப்பவரிடம் போய்விடுகிறது.

இத்தகைய ஒரு திட்டத்தில் முதலில் நிரப்ப வேண்டிய பணியிடம் பதப்படுத்தலும் தரமும் தெரிந்தவருக்கானது. அவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏலக்காய் ஸ்டோரில் ஆண்டுக்கணக்காக அடுப்பைப் பார்த்தவர், மண்டியில் மிளகு புடைத்தவர், மஞ்சள் வேகவைக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் ஆகியோரிடம் இந்த அறிவு இருக்கிறது. ஈரமானியும் எடைக்கருவியும் பயன்படுத்த ஒரு வாரத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பட்டதாரிக்கு இந்தக் கைப்பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்க இரண்டு அறுவடைக் காலமாவது வேண்டும். ஆனாலும் நேர்முகத் தேர்வின் வாசல்வரை இப்படிப்பட்டவர் வருவதே இல்லை. விண்ணப்பப் படிவமே ஆங்கிலத்தில் இருக்கிறது.

வியாபாரியிடம் வேலை பார்த்தவரை எடுத்தால் அவர் பழைய முதலாளிக்கே சரக்கைத் திருப்பிவிடுவார் என்ற அச்சம் நியாயமானதுதான். அதற்கு மருந்து அவரைத் தவிர்ப்பதில் இல்லை. எடையும் ஈரமும் விவசாயி கண்முன்னே பார்க்கப்பட்டு, அந்த எண் அவர் கைச்சீட்டில் எழுதப்படுவதில் இருக்கிறது. இதே அச்சத்தை உரக்கடைக்காரர்களின் விஷயத்தில் நாம் காட்டுவதில்லை. மலைக் கிராமங்களில் சிறு விவசாயிக்கு நோய், பூச்சி பற்றி உண்மையில் ஆலோசனை சொல்பவர் பெரும்பாலும் மருந்துக் கடைக்காரர்தான். எச்ச நஞ்சு காரணமாக ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வருவதன் வேர் அங்கேயும் இருக்கிறது. களப்பணியாளர் எந்த உரக்கடையிடமும் கமிஷன் வாங்கக் கூடாது என்பது நியமன ஆணையிலேயே எழுதப்பட வேண்டும்.

அரசு அலுவலர் இருக்கும்போது தனி ஆள் எதற்கு?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 1960-இல் தொடங்கிய நறுமணப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தையும் 1968-இல் வந்த ஏலக்காய் வாரியத்தையும் இணைத்து, 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1987 பிப்ரவரியில் நறுமணப் பொருட்கள் வாரியம் கொச்சியில் அமைந்தது. அட்டவணையில் 52 பொருட்கள் இருந்தாலும், சாகுபடி முதல் ஏற்றுமதி வரை முழுப் பொறுப்பும் வாரியத்துக்கு இருப்பது ஏலக்காய்க்குத்தான். மற்றவற்றில் அதன் கவனம் அறுவடைக்குப் பிந்தைய தரத்திலும் ஏற்றுமதியிலும் இருக்கிறது. சாகுபடி மாநிலத் தோட்டக்கலைத் துறையின் வேலை. மத்திய அரசின் பாக்கு, நறுமணப் பயிர் வளர்ச்சி இயக்குநரகம் கோழிக்கோட்டில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கென அதே ஊரில் இந்திய நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தேசிய மஞ்சள் வாரியமும் தொடங்கப்பட்டது.

நல்ல நிறுவனங்கள் இவை. ஆனால் கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கும் ஒருவர், கொடி வாடினால் ஓர் அலுவலகத்துக்கும் மிளகு விலை போகாவிட்டால் இன்னோர் அலுவலகத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. ஒரு வட்டாரத்தில் இருக்கும் உதவித் தோட்டக்கலை அலுவலர் மானியப் பட்டியல், சொட்டுநீர், வெள்ளச் சேதக் கணக்கு என்று எல்லாவற்றையும் சுமக்கிறார். வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமையின் வட்டார ஊழியர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். நிரந்தர வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். ஆகவே தனி ஆள் தேவைதான். அந்த ஆளின் முதல் தகுதி, இத்தனை அலுவலகங்களில் எதற்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருப்பது. அலுவலர்களுக்குப் போட்டியாக ஒரு தனி ராஜ்யம் நடத்த வந்தவர்போல் அவர் நடந்துகொண்டால், திட்டம் முடிந்த மறுநாள் விவசாயிக்கு அந்தக் கதவுகளும் அடைபட்டுவிடும்.

உள்ளூர்க்காரர்

வெளியிலிருந்து வந்த நிபுணரா, உள்ளூர்க்காரரா என்பது பழைய வாதம். என்னைப் பொறுத்தவரை அது பெருமளவு முடிந்துபோன வாதம். 1989-இல் இந்தோனேசியாவில் நெல்லுக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி, விவசாயியே விவசாயிக்குக் கற்றுக்கொடுக்க முடியும் என்று காட்டியது. ஆந்திரத்தில் அரசு சார்ந்த ரைத்து சாதிகார சம்ஸ்தா நடத்தும் இயற்கை வேளாண்மைத் திட்டத்தில், தம் நிலத்தில் செய்து பார்த்த விவசாயிகளே சம்பளம் பெறும் பயிற்றுநர்களாக ஊர் ஊராகப் போகிறார்கள்.

நறுமணப் பயிர்களில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இடுக்கியில் இன்று பரவலாக இருக்கும் 'ஞள்ளானி' ஏலம் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததன்று. செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தம் தோட்டத்துச் செடிகளிலிருந்து தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. விவசாயிக்கு ஒன்றும் தெரியாது, நாம் சொல்லித்தர வந்திருக்கிறோம் என்ற நினைப்போடு ஏலமலைக்குப் போகும் ஊழியர், தாம் பரிந்துரைக்கப்போகும் ரகம் எங்கிருந்து வந்தது என்பதையே அறியாதவர் ஆகிறார்.

மேகாலயத்து ஜெயந்தியா மலையின் லகடாங் மஞ்சளில் குர்குமின் 7 சதவீதத்தைத் தொடும். சாதாரண மஞ்சளில் இரண்டு மூன்று சதவீதம்தான். இவ்வளவு உயர்ந்த ரகம் அங்கேயே இருந்தும் அங்குள்ள பெண்களுக்கு நல்ல விலை கிடைக்காமல் இருந்தது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் திரினிட்டி சாயூ என்ற பள்ளி ஆசிரியை; 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவர் வேளாண் பட்டதாரி என்பதற்காக அந்தப் பெண்கள் அவரைப் பின்பற்றவில்லை. அதே ஊர்க்காரர், தாமும் மஞ்சள் போடுபவர், படிவம் நிரப்பத் தெரிந்தவர், பள்ளியில் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். ஆகவே அவர் சொன்னதை நம்பிப் பழைய விதையை விட்டு லகடாங்குக்கு மாறினார்கள். மேகாலய அரசு 2018-இல் 'மிஷன் லகடாங்' தொடங்கியபோது இந்த நம்பிக்கை அங்கே ஏற்கெனவே விளைந்திருந்தது. எந்த ஊரிலும் இப்படிப்பட்ட ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே திட்டத்தின் முதல் ஆறு மாத வேலையாக இருக்கலாம்.

நம் பக்கத்தில் கோத்தகிரியின் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தைச் சொல்ல வேண்டும். கீஸ்டோன் அறக்கட்டளையின் நீண்டகாலப் பணியிலிருந்து 2013-இல் கிளைத்த நிறுவனம் அது. பங்குதாரர்கள் நீலகிரிப் பகுதியின் பழங்குடி மக்கள். கிராமங்களில் உள்ள உற்பத்தி மையங்களில் தேன், மிளகு, காப்பி, சிறுதானியம் ஆகியவற்றைத் தரம் பிரித்துப் பதப்படுத்துபவர்களும் அம்மக்களே, குறிப்பாகப் பெண்கள். 2021-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது அதற்குக் கிடைத்தது. அறக்கட்டளை 1993 முதல் அந்த மலைகளில் இருக்கிறது. நிறுவனம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மூன்றாண்டுத் திட்டத்தில் அதே பலனை எதிர்பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

உள்ளூர் ஆளை எடுப்பதிலும் இடர்கள் உண்டு. அவற்றை மறைத்துப் பேசக் கூடாது. ஊர்த்தலைவரின் மருமகனுக்கு வேலை போகும். ஒரு சாதியாரின் தெருவிலிருந்து வந்தவர் அடுத்த தெருவுக்குள் போகமாட்டார், அல்லது போக விடமாட்டார்கள். மாமனுடைய ஈர மிளகைத் திருப்பி அனுப்ப மருமகனால் முடியாது. அதற்கு நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. பயிற்சியும் தோட்டப் பார்வையும் அவரவர் ஊரில். தரம் பார்ப்பதும் எடை போடுவதும் பக்கத்து ஊரில். ஆள் எடுக்கும் குழுவில் திட்ட அலுவலரோடு பெண் விவசாயிகளும் தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பத்தினரும் உட்கார வேண்டும். பழங்குடி மொழி பேசுகிற ஊரில் அந்த மொழி தெரியாத ஒருவரைக் களப்பணிக்கு அனுப்புவது, எவ்வளவு படித்தவராக இருந்தாலும், பணத்தை வீணாக்குவது.

பெண்களும் கூலிக்காரர்களும்

மிளகுக் கொடியில் ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி ஏறுவது ஆண்கள். பறித்த சரத்தை உதிர்ப்பதும், காயவைப்பதும், மழை வந்தால் ஓடி அள்ளுவதும், புடைப்பதும் பெண்கள். தரம் அவர்கள் கையில் இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பட்டியலிலோ பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர்தான் இருக்கும். ஆண் களப்பணியாளர் வந்து திண்ணையில் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் ஈரப்பதம் பற்றிப் பேசிவிட்டுப் போவார். காயவைக்கிறவர் உள்ளே இருப்பார். பெண் களப்பணியாளர்கள் பாதியளவேனும் இல்லாத திட்டம் தரத்தை உயர்த்த முடியும் என்று நான் நம்பவில்லை. பெண்களை எடுத்தால் மட்டும் போதாது. இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி வேலை நேரம், யானை நடமாடும் பாதையில் துணை, வண்டிக்குப் பெட்ரோல், அலுவலகத்தில் கழிப்பறை, பிரசவ விடுப்பு எல்லாமே வரவுசெலவில் இடம் பெற வேண்டும். அவை இல்லாமல் 'பெண்கள் வேலைக்கு வருவதில்லை' என்று அறிக்கை எழுதுவது அநியாயம்.

ஏழை நறுமணப் பயிர் விவசாயி என்று சொல்லும்போது நிலம் இல்லாதவர்களை விட்டுவிடுகிறோம். கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் எந்தத் திட்டத்தின் பயனாளிப் பட்டியலிலும் எளிதில் வருவதில்லை. எந்தக் காய் பழுத்தது, எது இன்னும் இரண்டு வாரம் நிற்க வேண்டும் என்று கையால் அறிந்தவர்கள் அவர்கள். அவர்களிலிருந்து இரண்டு பேரைப் பயிற்றுநராக எடுத்தால், இளங்காய் பறிப்பதால் வரும் நட்டத்தைக் குறைக்க ஒரு வழி பிறக்கும்.

இத்தகைய கைத்திறனின் மதிப்புக்கு இலங்கையின் கறுவா நல்ல சான்று. அங்கே முட்டுக்கட்டையாக இருப்பது நிலத்தைவிட, உரிக்கும் ஆள். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைத் தண்டால் தேய்த்து, பட்டையை முழுசாகக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்று செருகி 42 அங்குல நீளக் குழலாக்கி நிழலில் உலர்த்த வேண்டும். மிக மெல்லிய குழலுக்கு 'அல்பா' என்று தரம். அதற்கே அதிக விலை. டச்சுக்காரர் காலத்தில் இது ஒரு சாதியார்மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். அந்த இழிவு நினைவில் நிற்பதால் இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்கினார்கள். ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி நிறுவனம் இலங்கையின் நறுமணப் பொருள் அமைப்புகளோடு சேர்ந்து செய்த பணியில், கொஸ்கொடையில் பயிற்சி நிலையம் அமைந்தது; உரிப்பவருக்குத் தேசியத் தொழில் தகுதிச் சான்றிதழ் கிடைக்க வழி செய்யப்பட்டது. மேசை முன் நின்றுகொண்டு சீருடையோடு சுத்தமான இடத்தில் செய்யும் தொழிலாக அதை மாற்றும் முயற்சி அது. 2022-இல் சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் காப்பது குழல் செருகும் விரல்களே. அப்படிப்பட்ட கைவினைஞரைத் திட்டம் பயனாளி என்று எழுதுவதைவிட, ஆசிரியராக நியமித்துச் சம்பளம் கொடுப்பதே முறை.

கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். இந்தியாவின் இயற்கை விளைபொருள் திட்ட விதிகளின்படி சான்றிதழ் பெறும் ஒரு விவசாயிக் குழுவில் 25 முதல் 500 பேர் வரை இருக்கலாம் என்று நீண்ட காலம் இருந்தது. உள் ஆய்வாளர் ஒவ்வொரு தோட்டத்தையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். 500 பேர் என்றால் 1,000 தோட்டப் பார்வை. மலையில் ஒருவர் நாளைக்கு ஐந்து தோட்டம் பார்த்து, படிவம் எழுதி முடித்தால் பெரிது. அதற்கே 200 வேலைநாள் போய்விடும். மழை மாதங்களைக் கழித்தால் ஒரு முழு ஆளின் ஆண்டு அதில் முடிந்துவிடும். கற்றுக்கொடுக்க நேரமே இருக்காது. ஆய்வு செய்பவரும் ஆலோசனை சொல்பவரும் ஒருவராக இருந்தால் தாம் சொன்னதைத் தாமே சரிபார்க்கும் நிலை வரும் என்பதால் அவர்களைப் பிரிப்பதும் அவசியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதி, 2018/848, குழுவில் 2,000 பேர் வரை அனுமதிக்கிறது. ஆனால் குழுவே சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. ஏற்றுமதியாளரின் மேசையில் இருந்த பதிவேடுகள் விவசாயிகள் குழுவின் கைக்கு வருகின்றன. அவற்றைப் பராமரிக்கச் சம்பளம் வாங்கும் ஆள் குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மத்திய அரசு 2020 பிப்ரவரியில் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டம்தான் இன்று பல மிளகு, மஞ்சள், இஞ்சி விவசாயிகளின் அமைப்புகளுக்கு ஆதாரம். சமவெளியில் 300 பேர், மலைப் பகுதியில் 100 பேர் சேர்ந்தால் போதும். நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள்; மாதத்துக்கு 50,000 ரூபாய். அதில் முதன்மைச் செயல் அலுவலருக்கு 25,000 வரை, கணக்காளருக்கு 10,000 வரை. மிச்சம் 15,000 ரூபாயில் வாடகை, மின்சாரம், பயணம், கூட்டம், மேசை நாற்காலி எல்லாம். தரம் பார்ப்பவருக்கு அங்கே இடமே இல்லை. நிறுவனத்தைக் கைப்பிடித்து நடத்தும் வெளி அமைப்புக்கு ஐந்து ஆண்டுகளில் 25 லட்சம் வரை. பயிர், சந்தை, சமூக ஒருங்கிணைப்பு, சட்டமும் கணக்கும், தகவல் தொழில்நுட்பம் என்று ஐந்து துறை வல்லுநர்கள் அந்த அமைப்பில் இருக்க வேண்டும் என்றும் விதி. வெளியே நிற்கும் வல்லுநர்களுக்கு 25 லட்சம், ஊருக்குள் வேலை பார்ப்பவர்களுக்கும் அலுவலகத்துக்கும் 18 லட்சம், அதுவும் மூன்றே ஆண்டுக்கு. இந்த விகிதம் தவறு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

25,000 ரூபாய்க்கு வரும் அந்த முதன்மைச் செயல் அலுவலரிடம் நாம் எதிர்பார்ப்பதையும் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே போனது. இப்படி ஏறி இறங்கும் சந்தையில் எப்போது விற்பது, எவ்வளவு இருப்பு வைப்பது, வங்கிக்கடன் வட்டி ஓடும்போது எத்தனை வாரம் காத்திருக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். தவறினால் இழப்பு முந்நூறு குடும்பங்களின் தலையில் விழும். வியாபாரம் தெரிந்தவர் இந்தச் சம்பளத்துக்கு வரமாட்டார். ஊரில் பட்டம் முடித்த இளைஞர் வருவார், ஒன்றரை ஆண்டில் அனுபவம் சேர்ந்ததும் தனியார் கம்பெனி கூப்பிடும், போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சந்தை வேலைக்குச் சம்பளத்தை இரட்டிப்பாக்கி, ஐந்தாறு நிறுவனங்களுக்குச் சேர்த்து ஓர் அனுபவசாலியை வைத்துக்கொள்வதே சரியான வழியாக எனக்குத் தெரிகிறது. கணக்காளர் மட்டும் ஒவ்வொரு நிறுவனத்திலும் தனியாக இருக்க வேண்டும். 10,000 ரூபாய்க்குக் கிடைப்பவர் மாதத்தில் நாலு நாள் வருபவராகத்தான் இருப்பார். உறுப்பினருக்குச் சேர வேண்டிய பணம் ஒரு வாரம் தாமதமானால் அடுத்த சரக்கு பழைய வியாபாரியிடம் போய்விடும்.

இன்னொரு கணக்கு நாட்காட்டியில் இருக்கிறது. மலை மிளகும் மஞ்சளும் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடையாகின்றன. அரசின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. களத்தில் ஆள் மிகவும் தேவைப்படும் அதே வாரங்களில் ஊழியர்கள் பற்றுச்சீட்டுகளையும் பயன்பாட்டுச் சான்றிதழையும் தயார்செய்து அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆள் எடுப்பும் அப்படித்தான்: ஏப்ரலில் ஒப்புதல் வந்து, ஜூலையில் விளம்பரம் வெளியாகி, அக்டோபரில் பணியில் சேர்ந்தவருக்குப் பயிரின் மொழி புரிவதற்குள் முதல் அறுவடை கடந்துவிடுகிறது. கணக்கு எழுதத் தனி ஆளும், அறுவடை மாதங்களுக்குக் கூடுதலாகத் தற்காலிகத் தரப் பணியாளர்களும் இருந்தால் இந்த மோதல் பெருமளவு தீரும்.

திட்டத் தலைவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர் மாநிலத் தலைநகரில் இருந்தால் அறிக்கை நன்றாக இருக்கும். மாவட்டத்தில் இருந்தால் வேலை நன்றாக இருக்கும். வெளிநாட்டு நிபுணர்கள் ஆய்வகச் சோதனை, இறக்குமதி விதி, வாங்குவோர் தொடர்பு போன்ற குறுகிய வேலைகளுக்குச் சில வாரங்கள் வந்தால் போதும்.

திட்டம் எழுதுகிற அரசுத் துறைகளுக்கும் நிதி தருகிற அமைப்புகளுக்கும் என் வேண்டுகோள் இது. மிளகு, ஏலம், ஜாதிக்காய் போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கான திட்டத்தில் களப்பணியாளரின் பணிக்காலத்தை, முதல் நடவிலிருந்து குறைந்தது இரண்டு முழு அறுவடை வரை உறுதிசெய்யுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் நிர்வாக மானியத்தில் தரமும் பதப்படுத்தலும் பார்க்கும் ஒருவருக்குச் சம்பளம் சேருங்கள். அதற்கான பணத்தை வெளி அமைப்புகளுக்குத் தரும் 25 லட்சத்திலிருந்தே எடுக்கலாம். பணி விளம்பரத்தைத் தமிழில், மலையாளத்தில், காசி மொழியில், அந்தந்த மக்கள் படிக்கும் மொழியில் வெளியிடுங்கள். ஸ்டோரிலும் மண்டியிலும் காயவைக்கும் களத்திலும் அதை ஒட்டுங்கள். விண்ணப்பிக்க வேண்டியவர்கள் அங்கேதான் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.